ராமுத்தாயின் குரல்

ஒரு அடைமழையில் மேகமலையில் மண் சரிந்து எஸ்டேட் குடியிருப்பு புதைந்தது. புருஷன் ஒச்சாண்டியைத் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்ட ராமுத்தாய், பக்கத்து வீட்டுப் பிள்ளையை எடுக்க மறுபடி உள்ளே போனாள். திரும்பவில்லை.

2006 சித்திரைத் திருவிழாவுக்கு, தேவாரம் ஊர் நாடக வாத்தியார் அய்யாத்துரை அதை நாடகமாக்கினார். நாடகத்தில் காப்பாற்றியது ஒச்சாண்டி. ராமுத்தாய் கதவோரம் நின்று அழுதே செத்தாள்.

ராமுத்தாயாக நடித்த வேல்விழி கேட்டாள்: “நடந்தது அப்பிடியில்லையாமேண்ணே?”

“பொம்பள இழுத்து ஆம்பள பொழச்சான்னா சனம் சிரிக்கும்மா. அவ அழுதாத்தான் பாக்குறவுக அழுவாக.”

ஒச்சாண்டியும் சரியென்று தலையாட்டியிருந்தார். சின்னமனூர், கம்பம் என்று போன இடமெல்லாம் கூட்டம் அழுதது; மேகமலையிலிருந்து இறங்கி வந்த எஸ்டேட் சனமும் அழுதது. ஒரு மத்தியானம் ஒச்சாண்டி வேல்விழி வீட்டுக்கு வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை.

“ஆத்தா, அவ சத்தம் போயிருச்சு.”

“யாரு சத்தம்?”

“எம் பொண்டாட்டி சத்தம். ‘வாய்யா மேல’ன்னு என்னைய வைஞ்சா. அதான் கடைசிப் பேச்சு. வீட்டுல அது கேட்டுக்கிட்டே இருக்கும். இப்பவும் ஈரச்சேலையோட வாசல்ல வந்து நிக்கிறா. ஆனா வாயத் தொறந்தா உன் அழுகைதான் வருது.”



பெரியகுளத்து நாடகத்தில், அழ வேண்டிய இடத்தில் அவள் அழவில்லை. புருஷனாக நடித்த அழகுமலையின் முடியைக் கொத்தாகப் பிடித்து, “வாய்யா மேல!” என்று தரையோடு இழுத்தாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் திரும்பி, மண்சரிவு என்று கட்டியிருந்த கறுப்புத் திரைக்குள் போனாள். சிரிப்பு அடங்கியது. யாரும் கைதட்டவில்லை.

“இனி நீ வர வேணாம்” என்றார் அய்யாத்துரை.

வெளியே ஒச்சாண்டி நின்றிருந்தார்.

“இப்பக் கேக்குதாய்யா?”

அவர் கண்ணை மூடி, வெகுநேரம் காது கொடுத்துப் பார்த்தார். “இல்லத்தா. இதுவும் உன் கொரலுதான்.”

வேல்விழிக்கு மனம் ஆறவில்லை. மேகமலைக்கு பஸ் ஏறினாள். ராமுத்தாயோடு கொழுந்து பறித்த பெண்களைத் தேடிப் பிடித்து, அவள் எப்படிப் பேசுவாள் என்று கேட்டாள். மூடுபனிக்குள் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவள் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசிக் காட்டினாள்:

“என்னைய விட்டுட்டுப் போயிராதீக மாமா...”

மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம், அப்படியேதான் என்றார்கள்.

அது அய்யாத்துரை எழுதிய வசனம்.