நிழலில்லாத மந்திரியின் கடைசி நாள்

இன்றைக்கு மந்திரி சாகப்போகிறான் என்பதில் கில் பியங்ஜூவுக்கு இருந்த சந்தோஷம் அந்த அரண்மனைக்குள் அடங்காது. முன்க்யங் மலையடியில் படப்பிடிப்புக்காகக் கட்டிய அரண்மனைதான், ஆனாலும் பெரியது. அதற்கு அவன்தான் பட்டத்து இளவரசன். டிவி தொடரின் கதாநாயகன், விளம்பரப் படத்தில் நடுவில் நிற்பவன். நாடு பார்த்ததென்னவோ பக்கத்தில் நின்றவனை.

தன் நிழலைப் பேயிடம் விற்றுச் சாகாவரம் வாங்கிய மந்திரி அவன். அந்த வேடம் மா இன்சொப்புக்கு. நாடக மேடையிலிருந்து வந்தவன், பியங்ஜூவைவிட இளையவன். தொடரின் தொடக்கத்திலேயே செத்துப்போக வேண்டிய வில்லன். ஒற்றைப் புருவத்தைத் தூக்கி மெல்லச் சிரித்தான், அவ்வளவுதான். எழுத்தாளரம்மா உருகிப்போய் வாராவாரம் அவன் ஆயுளை நீட்டினார். சோற்றுச் சூப்புக் கடைக்காரி பியங்ஜூவின் கிண்ணத்தில் கறியை அள்ளிப் போட்டுவிட்டு, "தம்பி, மந்திரிகிட்ட ஒரு கையெழுத்து வாங்கித் தாங்களேன்" என்றாள். வீட்டில் கட்டிய மனைவியே, "ஏங்க, அந்த மந்திரியக் கொன்னுடாதீங்க, பாவம்" என்றாள். பியங்ஜூவுக்கு வயிறு பற்றி எரிந்தது. அவனால் கதையே கெடுகிறது, முடித்துவிடுங்கள் என்று எழுத்தாளரம்மாவை நச்சரித்து நச்சரித்துத்தான் இந்த நாளை வாங்கினான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் காபி வண்டி என்று ஒரு வயிற்றெரிச்சல் பாக்கி இருந்தது. ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த நடிகரின் படத்தைப் பேனராகக் கட்டி, படப்பிடிப்பு நடக்கிற இடத்துக்கே வண்டி அனுப்புவார்கள். லைட் தூக்குகிறவர் வரை எல்லாருக்கும் காபி இலவசம். இன்சொப்புக்கு வண்டிமேல் வண்டி வந்தது. அவன் முகம் ஒட்டிய கோப்பையிலேயே பியங்ஜூ இந்தக் குளிர்காலம் முழுக்கக் குடித்தான். பொறுக்க முடியாமல் தன் மேனேஜரைக் கூப்பிட்டுத் மந்திரி சாகிற நாளில் வருகிற மாதிரி தனக்குத் தானே ஒரு வண்டிக்குச் சொல்லச் சொன்னான்.

"யார் அனுப்புனதா போடட்டும்?" என்றார் மேனேஜர்.

"ரசிகர்கள்னு போடு. பின்ன, என் மாமியார்னா போடுவ?"

வண்டி வந்தது. பேனரில் பியங்ஜூ, வாழ்க்கையில் எடுத்ததிலேயே அழகான படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். எல்லாரும் வரிசையில் நின்றார்கள். இன்சொப்பும் மந்திரியின் கறுப்புத் தொப்பியோடு வந்து, கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"படம் பிரமாதமா இருக்குண்ணே."

"ரசிகர்கள் எங்கேயாவது தேடிப் பிடிச்சிருப்பாங்க."

இன்சொப் பேனரை மறுபடி பார்த்தான். பிறகு மற்றவர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினான். "அன்னைக்குப் பன்றிக்கறிக் கடையில என் போன்ல எடுத்து உங்களுக்கு மட்டும் அனுப்புனேனே, அதுதாண்ணே இது."

பியங்ஜூவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இன்சொப்போ அதற்குள் திரும்பி, "அண்ணனோட ரசிகர்கள் அனுப்புன காபிப்பா, இன்னொரு கப் குடிங்க" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டான், படுபாவி.

அந்தக் கொதிப்போடுதான் பியங்ஜூ, சாகாவரத்தையும் முறிக்கிற மந்திர வாளை எடுத்தான். குத்துப்பட்ட மந்திரி அவன் மடியில் சாய்ந்தான். இளவரசன் வெற்றியில் நிமிர்ந்து பார்க்க வேண்டும், வசனத்தாளில் அப்படித்தான் இருந்தது. மந்திரி ஒற்றைப் புருவத்தைத் தூக்கினான், மெல்லச் சிரித்தான், அப்படியே அடங்கினான். சாகும்போதும் கேமராவை அவனே வாங்கிக்கொண்டான். ஏழு ஜென்மம் எடுத்தாலும் தனக்கு இது வராது என்று பியங்ஜூவுக்குத் தெரிந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துக்கமில்லை, சுத்தமான பொறாமை. நிறுத்த முடியாமல் தேம்பித் தேம்பி அழுதான்.

இயக்குநர் ஹோங் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். "எதிரிக்காக இப்படி ஒரு அழுகையா? நீ நடிச்சு இன்னைக்குத்தான்யா பாக்குறேன்" என்றார். அங்கேயே எழுத்தாளரம்மாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா, இளவரசனே இப்படி அழுதா ஜனங்க மந்திரியச் சாக விடுவாங்களா? உடம்புதானே போச்சு. வித்த நிழல் எங்கயோ இருக்குல்ல, அதை எழுப்பிக் கொண்டாங்க. தொடர் முடியுற வரைக்கும் வரட்டும்."

கடைசிப் படப்பிடிப்பு முடிந்த நடிகருக்குக் கொடுக்கிற பூங்கொத்தோடு ஒரு பெண் ஓடி வந்தாள். "அதைத் தண்ணியில போட்டு வைம்மா" என்று அனுப்பிவிட்டார் ஹோங்.

இன்சொப் இன்னும் பியங்ஜூவின் மடியில்தான் கிடந்தான். வாயோரச் சிவப்புச் சாயத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தான்.

"உங்க புண்ணியத்துல பொழச்சேண்ணே" என்றான். பிறகு மெல்ல, "அடுத்த வண்டிக்குப் படம் வேணும்னா சொல்லுங்க, நானே எடுத்துத் தர்றேன்."

ஒற்றைப் புருவம் மேலே போனது. பியங்ஜூவுக்கு மறுபடியும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அப்படியே இரு, அசையாதே" என்றார் ஹோங், கேமராவை ஓடவிடச் சொல்லி.