பின்னிருக்கை

ஊசிபோல் நீண்ட மூக்கு, இவ்வளவு பெரிய உடம்பை எப்படித் தூக்கின என்று கேட்கவைக்கும் குட்டை இறக்கைகள், கண்ணாடி மூடிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள், பூரணி அந்த முன்னிருக்கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், ஜப்பானில் ஹமாமத்சு நகரத்தில் வேலை பார்க்கும் மகள் சுடர்விழி வேண்டாம் என்றுதான் சொன்னாள், அந்த மியூசியத்துல பழைய போர் விமானமா நிக்கும்மா, உனக்கெதுக்கு, பூரணி கேட்கவில்லை, உன்ர அண்ணன் ஓட்டுன மாதிரி ஒண்ண ஒருக்கா கிட்டத்துல பாத்துடறனே கண்ணு என்றாள், நன்மாறன் போய்ப் பதினோரு வருஷம், இருபத்திரண்டு வயது, விமானப்படைப் பயிற்சி முடிய நாற்பது நாள் பாக்கி, ஈரோட்டு வீட்டுக்கு மூடிய பெட்டியாக வந்தான், திறக்காதீர்கள் என்றார்கள், அவள் மரப்பலகையைத் தடவிக்கொண்டே இருந்தாள், பதினாறாம் நாள் அவனுக்குக் கற்றுக்கொடுத்த பெஞ்சமின் வந்தார், விமானம் விழுந்தபோது பின்னிருக்கையில் இருந்தவர், பாராசூட்டில் உயிரோடு இறங்கியவர், அம்மா, ஒரு விஷயம் சொல்லணும் என்று வாசலில் நின்றார், கையில் போட்டிருந்த மாவுக்கட்டுக்கு வெளியே அசைந்த விரல்கள்தான் பூரணிக்குத் தெரிந்தன, என்ர பையன உட்டுப்போட்டு நீ மட்டும் குதிச்சு வந்தியா, போயிரு, கதவைச் சாத்தினாள், பிறகு வந்த கடிதங்களையும் பிரிக்காமல் கிழித்தாள், இப்போது முன்னிருக்கையில் வெயில் விழுகிறது, அங்கிருந்து ஒரு தலை திரும்புவதுபோல் இருக்கிறது, சாப்பிட்டியா என்று கேட்டுவிடுவாள் போல் இருக்கிறது.

பக்கத்தில் ஒனோதெரா என்கிற பெரியவர், இதே ரக விமானத்தில் ஒருகாலத்தில் பயிற்சி கொடுத்தவராம், சுடர்விழியிடம் ஜப்பானிய மொழியில் விளக்கிக்கொண்டிருந்தார், ஒலியைவிட வேகமாகப் போகும், மாணவன் முன்னால், ஆசிரியர் பின்னால், அவள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிவந்தவள் சட்டென்று நிறுத்தினாள், என்ன சொல்றாரு கண்ணு, ஒண்ணுமில்லம்மா, சொல்லு. ஆபத்துன்னா இருக்கையோட வெளிய தூக்கிப் போட்டுருமாம்மா, பின்னாடி இருக்கறவருதான் மொதல்ல போகோணுமாம், முன்னாடி இருக்கறவன் மொதல்ல போனா அவன் இருக்கையத் தூக்கற நெருப்பு பின்னாடி ஆளப் பொசுக்கிருமாம், அவரு போனாத்தான் இவனுக்கு வழியாம்.

அப்ப அவரு, என்று தொடங்கிய பூரணி முடிக்கவில்லை, இறக்கைக்கடியில் யாரும் கிட்டே போகாமலிருக்கக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பெஞ்சமின் சார் நம்பர் எங்கிட்ட இருக்கும்மா, சுடர்விழி தலை நிமிரவில்லை, வருஷம் ஒருக்கா உன்னய விசாரிப்பாரு.

வாசலுக்கு வெளியே வந்து பூரணி போனைக் காதில் வைத்தாள், நன்மாறன் அம்மா பேசறனுங்க, அன்னிக்கு நீங்க சொல்ல வந்ததக் கேக்காம தொரத்திப்போட்டேன், இப்பச் சொல்லுங்க. பெஞ்சமின் சொன்னார், நான் போறேன், பின்னாலயே வந்துருடான்னேன்ம்மா, சரி சார்னான், பாராசூட்ல தொங்கிக்கிட்டு விமானத்தையே பாத்துக்கிட்டிருந்தேன், வந்துருவான் வந்துருவான்னு, அவன் வரலம்மா. ஐம்பது தாண்டிய மனிதர் கேவிக் கேவி அழுதார். பூரணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், அழுவாத சாமி என்றாள், நன்மாறனைத் தவிர வேறு யாரையும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை.