மெஷின் ஏன் ஓடல?

நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து அம்மா கண் திறந்ததும், அவள் நடத்தும் தையல் கூடத்துக்குப் போன் செய்தேன். கட்டிங் மாஸ்டர் எடுத்தார்.

"மெஷினையெல்லாம் நிறுத்திட்டு அவங்கவங்க சாமிய வேண்டிட்டிருக்கோம். அக்கா காதுல போனை வைம்மா."

ஸ்பீக்கரைப் போட்டு வைத்தேன். பல குரல்களின் முணுமுணுப்பு மட்டும் கேட்டது. அம்மா முகம் சுளித்தாள்.

"மெஷின் ஏன் ஓடல?"

"உனக்காக வேண்டிக்கிறாங்கம்மா."

"வேண்டுறது வாய்தானே? பெடல் மிதிக்கிற காலு எதுக்குச் சும்மா கெடக்கு?"

"அக்கா திட்டிட்டாங்க! பொழச்சிட்டாங்க!" என்று மாஸ்டர் கத்தினார். அத்தனை மெஷின்களும் ஒரே நேரத்தில் கடகடவென்று ஓடத் தொடங்கின.

நர்ஸ் போனை அணைக்கச் சொன்னார்.

"முடியாது. இது எங்கம்மா உண்டாக்குன சத்தம்," என்றேன்.

அதைக் கேட்டுக்கொண்டே அம்மா தூங்கிப்போனாள்.