ஸ்கேல் வைத்து அளந்த மலை

மச்சினன் குழந்தைவேலின் கடிதத்தைப் படித்ததும் அழகுமலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மதராஸ் விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு ஆகாய மார்க்கமாக இருநூற்று அறுபது மைல். பயண நேரம் ஒரு மணி ஐம்பது நிமிஷம். ஏழுக்கு ஏறினால் ஒன்பதுக்குள் மதுரை. அங்கிருந்து கொடைக்கானல், மேப்பில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், ஐம்பது மைல்கூட இல்லை. டாக்ஸியில் ஒன்றரை மணி. பதினொரு மணி முகூர்த்தத்துக்கு முதல் நாளே வந்து குளிரில் நடுங்க நான் என்ன பட்டிக்காட்டானா?"

பேத்துப்பாறையில் பூண்டு மூட்டை சுமந்து வளர்ந்தவன் எழுதுகிற எழுத்தா இது? மதராஸ் மருந்துக் கம்பெனியில் நாற்காலி கிடைத்து ஆறு வருஷம் ஆகவில்லை, அதற்குள் மலை மறந்துவிட்டது. ஸ்கேலாம் ஸ்கேல்! வத்தலக்குண்டு தாண்டி வளைந்து வளைந்து ஏறும் பாதையைப் பற்றி அந்த மரக்கட்டைக்கு என்ன தெரியும்? மகள் கல்யாணத்துக்கு முதல் நாளே ரயிலில் கொடை ரோடு வந்து இறங்கச் சொல்லி அழகுமலை கார்டு போட்டார். பதில் இல்லை.

அவன் வராவிட்டால் அழகுமலைக்கு மயிரே போச்சு. ஆனால் மனைவி காளியாயிக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். தாய்மாமன் மாலை போட்டுக் கைபிடித்து அழைத்து வராமல் பெண் மணவறை ஏறுவதில்லை. பிறந்த வீட்டில் நாதியில்லாதவள் என்று அவளை ஆயுசுக்கும் பேசுவார்கள்.

கல்யாணத்தன்று மணி பத்தே முக்கால் ஆயிற்று. குழந்தைவேலைக் காணோம். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

"மாமன் மொறைக்காரன் எவனையாவது நிறுத்தட்டுமா?" என்று மனைவியிடம் கேட்டார் அழகுமலை.

காளியாயி மாலையைத் தானே எடுத்தாள். "எதுக்கு? எம் பொறந்த வீட்டு ஆளு நான் இங்க நிக்கேன்ல."

மகள் வீரம்மாள் கழுத்தில் மாலையைப் போட்டு, கையைப் பிடித்து அவளே மணவறைக்கு நடத்தி வந்தாள். தாலி ஏறியது.

ரெண்டு மணிக்குக் கடைசிப் பந்திக்கு இலை போடும்போது ஜீப் வந்து நின்றது. வழியெல்லாம் வாந்தி எடுத்த மூஞ்சியோடு குழந்தைவேல் இறங்கினான்.

"பிளேன் ஒரு நிமிஷம் பிசகல மாமா. இந்தத் தரித்திரம் பிடிச்ச ரோடுதான் அஞ்சு மணி நேரத்தத் தின்னுருச்சு."

தரித்திரம் ரோட்டுக்கா உனக்கா என்று கேட்க அழகுமலை வாயெடுத்தார். அதற்குள் காளியாயி வந்துவிட்டாள்.

"வாங்க. வெரசா கை கழுவிட்டு ஒக்காருங்க. கடைசிப் பந்தி."

"என்னக்கா, என்னையப் போயி வாங்கன்னுக்கிட்டு?"

"அம்புட்டுத் தூரத்துலருந்து வந்திருக்கீங்க. சாப்பிட்டுத்தான் போகணும்."

சொல்லிவிட்டு அடுத்த விருந்தாளியை உபசரிக்கப் போனாள். இவ்வளவு நாள் நெஞ்சுக்குள் சேர்த்து வைத்திருந்த வசவை அழகுமலை அப்படியே விழுங்கினார். அவளைவிட நன்றாகத் திட்ட அவருக்குத் தெரியாது.

குழந்தைவேல் மாப்பிள்ளை வீட்டார் நடுவே உட்கார்ந்தான். பக்கத்து இலைக்காரர் சிநேகமாகத் திரும்பி, "பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார்.

குழந்தைவேல் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.