மாவுக்கு மசியாத முகம்

காலியோப்பியின் ஒப்பனையைப் பற்றி எங்கள் துறைமுகத்தில் பேசிக்கொள்வதெல்லாம் மிகை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். உள்ளதைக் குறைத்துத்தான் பேசுகிறோம். அவள் தீட்டிய உதட்டுச் சாயத்தோடு ஒருத்தி தன் மாலுமிக் கணவனின் கன்னத்தில் முத்தம் கொடுத்து வழியனுப்பினாள். அந்த முத்தம் அர்ஜென்டினா வரை போய்த் திரும்பி வந்தது. வீட்டுக்காரி தன் உதட்டை அதன் மேல் வைத்துப் பார்த்து, அளவு சரியாக இருந்த பிறகே அவனை வாசற்படி ஏறவிட்டாள். இன்னொரு மணப்பெண் பிறந்த வீட்டை விட்டுப் போகிற துக்கத்தில் விடிய விடிய அழுதும் கண்மை கலங்காமல் இருந்ததால், மாப்பிள்ளை வீட்டில் அவளை இன்றைக்கும் கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட காலியோப்பியைத் தோற்கடிக்க வருஷத்தில் ஒரு நாள் இருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு தொடங்குகிற திங்கட்கிழமை. எங்களுக்கு அது மாவுச் சண்டை நாள். வீடுகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, இடுப்பில் ஆட்டு மணிகளைக் கட்டிக்கொண்டு, சாயம் கலந்த மாவை மூட்டை மூட்டையாக இறக்கி ஒருவர் மேல் ஒருவர் வீசுவோம். சண்டை முடிகிறபோது பெண்டாட்டிக்குப் புருஷனைத் தெரியாது. சில பெண்டாட்டிகள் அதற்காகவே மறுவருஷத்தை எதிர்பார்ப்பார்கள்.

அந்த நாளுக்கு இரண்டு விதிகள். யாரும் தன் முகத்தோடு வரக் கூடாது, கரி பூசிக்கொண்டுதான் வரவேண்டும். அடையாளம் தெரிகிற முகத்தோடு வந்தவரை முதலில் பார்த்தவர் கரி பூசலாம், பூசியே ஆகவேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் அந்த ஆளின் ஞானஸ்நானப் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். இது முதல் விதி. மாவுக்குள் நடந்ததைச் செவ்வாய்க்கிழமை யாரும் பேசக் கூடாது என்பது இரண்டாவது. எங்கள் ஊரில் பல குடும்பங்கள் இந்த இரண்டாவது விதியின் தயவில்தான் நிலைத்து நிற்கின்றன.

காலியோப்பிக்கு மெல்போ என்று ஒரு அக்கா. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அம்மா இறந்த நாளிலிருந்து பேச்சு இல்லை. நோயில் கிடந்து கிடந்து அம்மாவின் முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது. அதைத் தாங்கமாட்டாமல், பெட்டியில் வைக்கும் முன் காலியோப்பி கன்னத்தில் கொஞ்சம் ரோஜா நிறம் தடவினாள். மெல்போ தேவாலயத்தில் எல்லார் முன்னாலும், “அம்மாவை என்ன பொம்மைக் கடைக்கா அனுப்புறோம்?” என்று கேட்டுக் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டாள். ஒரே இழுப்பில் போய்விட்டது. “உனக்கு அவங்க செத்த முகம்தான் பிடிச்சிருக்கா?” என்றாள் காலியோப்பி. இரண்டு பேரும் சொன்னது அவ்வளவுதான். அதற்குப் பிறகு ரொட்டிக்கடைக்கு ஒருத்தி முன்கதவால் வந்தால் மற்றவள் பின்கதவால் போய்விடுவாள். ரொட்டிக்காரர் அதற்காகவே பின்கதவைத் திறந்து வைத்திருந்தார்.

ஆனால் மாவுச் சண்டை நாளில் மட்டும் காலியோப்பிக்கு ஒரு திருட்டு வழக்கம் உண்டு. முட்டிவலிக்காரி மெல்போ சண்டையில் ஓடமாட்டாள். புருஷனுடைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, கப்பல் கயிறு கட்டும் இரும்புக் குத்தி மேல் உட்கார்ந்திருப்பாள். கரியும் மாவுமாக ஆளே தெரியாத காலியோப்பி ஒரு கை மாவோடு அவள் முன்னால் போய் நிற்பாள். மற்றவர்களைப் போல வீசமாட்டாள். அக்காவின் இரண்டு கன்னத்திலும் மெதுவாகத் தடவுவாள். மெல்போ கண்ணை மூடிக்கொண்டு காட்டுவாள். பிறகு காலியோப்பி கூட்டத்தில் கலந்துவிடுவாள். அந்த வருஷத்துக்கு அவளுக்குக் கிடைத்த அக்கா அவ்வளவுதான்.

ஒரே இழுப்பில் போனது மட்டும் அவள் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை. நன்றாகப் பூசத் தெரிந்திருந்தால் அது போயிருக்காது என்றே அவளுக்குப் பட்டது. அக்கா துடைத்ததைவிட, துடைக்கும்படி தான் பூசியதுதான் அதிகம் உறுத்தியது. அதனால்தான் ஒரு குளிர்காலம் முழுக்கத் தன் ஒப்பனைக் கடைக்குள் அடைந்துகிடந்து எதையோ காய்ச்சினாள். படகு பழுது பார்க்கும் பாந்தெலிஸிடம் போய்ப் பைன் பிசின் கேட்டாள்.

“மூஞ்சிக்கா? அடியில பாசி பிடிச்சா என்கிட்டதான் சுரண்ட வரணும், பாத்துக்க” என்றான் பாந்தெலிஸ்.

“உன் படகு மாதிரி என் கடையில எதுவும் ஒழுகாது. நீ பிசினைக் குடு.”

பிசினைச் சுத்தமான சாராயத்தில் கரைத்து, வாசனைத் திரவியப் புட்டியில் ஊற்றி, பூச்சின் மேல் மெல்லிய சாரலாக அடித்தாள். காய்ந்ததும் கண்ணாடி போல நின்றது. கடற்பஞ்சு எடுக்க முங்குகிற ஒருவனுக்குப் புருவம் தீட்டி அதன் மேல் அடித்து அனுப்பினாள். அவன் மேலே வந்தபோது மூச்சு போய்விட்டிருந்தது, புருவம் போகவில்லை. மூச்சைக் கரையில் வைத்துத் திரும்ப வரவழைத்தார்கள்.

மாவு நாள் வந்தது. காலியோப்பி காலையிலேயே உட்கார்ந்து பூச்சு, கன்னச் சிவப்பு, கண்மை, உதட்டுச் சாயம் என்று ஒன்று விடாமல் போட்டு, மேலே பிசினை அடித்துக் காயவிட்டாள். பெருமையோடு கரியையும் அள்ளிப் பூசிக்கொண்டு துறைமுகத்தில் இறங்கினாள். கரி அந்தப் பூச்சின் மேல் பிடிக்குமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. முதல் தெரு முனையிலேயே கரி உதிர்ந்துவிட்டது. நீல மாவு வந்தது, வழுக்கி விழுந்தது. மஞ்சள் மாவு வந்தது, அதுவும் சேம்பிலைத் தண்ணீராய் உருண்டு ஓடியது. உடம்பெல்லாம் மாவுச் சாக்கு போலவும், முகம் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குக் கிளம்பியது போலவும் இருந்தாள். அவளுக்கு அது தெரியவில்லை; மாவுப் புழுதியில் வீசியவர்கள் கண்ணிலும் படவில்லை. தன் முகத்தை எந்தக் கண்ணாடியும் இல்லாமல் யார் பார்த்திருக்கிறார்கள்?

வழக்கம் போல ஒரு கை மாவோடு இரும்புக் குத்தி முன்னால் போய் நின்றாள். மெல்போ வழக்கம் போலக் கண்ணை மூடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பார்வையில்தான் காலியோப்பிக்கு எல்லாம் புரிந்தது. கை பாதியில் நின்றது. முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒரு துளி மாவுகூட ஒட்டவில்லை. இத்தனை வருஷத் திருட்டு ஒரு நொடியில் வெளியே வந்துவிட்டது. இனி அடுத்த வருஷம் இந்தக் கன்னம் கிடைக்காது.

பின்னால் யாரோ பார்த்துவிட்டுக் கத்த, சுற்றியிருந்த ஆட்டு மணிகள் ஒவ்வொன்றாக அடங்கின. முகம் தெரிகிறது. முதலில் பார்த்தவள் மெல்போ. விதி விதிதான், பூசியே ஆகவேண்டும், பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். எழுந்து போய்விடுவாள் என்று பாந்தெலிஸ் பக்கத்தில் நின்றவனிடம் முணுமுணுத்தான். ஆனால் மெல்போ நோன்பு நாளில் மீன் நாறினால்கூட மூக்கைத் திருப்பிக்கொள்கிறவள். வழக்கத்தை மீறி அவளுக்குப் பழக்கமில்லை. பக்கத்தில் வைத்திருந்த கரித் தகர டப்பாவில் கையை விட்டாள்.

“காலியோப்பி” என்றாள். நாள்பட்டுப் பூட்டிக் கிடந்த வீட்டுக் கதவு திறந்த மாதிரி இருந்தது குரல்.

கன்னத்தில் பூசினாள். கரி நிற்காமல் சரிந்து விழுந்தது. பூசியதாக ஆகவில்லை. மறுபடியும் கரியை எடுத்தாள், மறுபடியும் பெயரைச் சொன்னாள். நெற்றியில் பூசினாள், மூக்கில் பூசினாள், தாடையில் பூசினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காலியோப்பி. பேசாமல் விட்ட வருஷங்களில் கூப்பிட்டிருக்க வேண்டியதையெல்லாம் அங்கேயே கூப்பிட்டுத் தீர்த்துவிடுவாள் போலிருந்தது. கடைசியில் தகரம் காலியானது.

மெல்போ கரிக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து எச்சிலில் நனைத்தாள். காலியோப்பி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கை வரும் விதம் அவளுக்குத் தெரியும். ஈரக் கைக்குட்டை கன்னத்தில் அழுத்தமாக ஓடியது. திரும்ப ஓடியது.

“போகலியேடி.”

“போகாதுக்கா.”

மெல்போ கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது. அதை மடித்துக்கொண்டே தங்கைக்கு மட்டும் கேட்கிறபடி சொன்னாள்: “அன்னிக்கு இதைப் போட்டிருக்கக் கூடாதா, போப்பி? நான் துடைச்சாலும் நின்னிருக்குமே.”

போப்பி என்பது ஞானஸ்நானப் பெயர் இல்லை, சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட செல்லப்பெயர். விதி அதைக் கேட்கவும் இல்லை.

அக்கா வீட்டு அடுக்களையில் ஆலிவ் எண்ணெய் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்கள். அன்றைக்கு எண்ணெயும் நோன்பில் கூடாது என்று காலியோப்பி நினைவூட்டினாள். “வாய்க்குத்தான் நோன்பு. மூஞ்சிக்கும் உண்டுன்னு எந்தப் பாதிரியார் சொன்னார்? ஆடாம உக்காரு” என்றாள் மெல்போ. பொழுது சாய்வதற்குள் முகத்தின் இடது பாதி மட்டும் வெளுத்தது. மெல்போவுக்குக் கை ஓய்ந்துவிட்டது.

காலியோப்பி வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றாள். ஒரு பாதியில் அறுபதை நெருங்குகிற பெண், மறுபாதியில் கல்யாணத்துக்குக் கிளம்பிய பெண். அலமாரியில் பிசின் கரைத்த சாராயம் மீதி இருந்தது. கரைத்ததற்கு அழிக்கவும் தெரியும், பஞ்சில் தொட்டு ஒரு தடவு தடவினால் போதும். விடிந்தால் செவ்வாய்க்கிழமை. மாவுக்குள் நடந்ததைப் பேசக் கூடாத நாள். அவள் புட்டியைக் கையில் எடுத்தாள், கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு தக்கையை இன்னும் இறுக்கி அடைத்து, பழைய விக்குகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

காலையில் அந்தப் பாதி முகத்தோடு ரொட்டிக்கடை வரிசையில் போய் நின்றாள். முன்கதவால் மெல்போ வந்தாள். கடையில் இருந்தவர்கள் ரொட்டியை மறந்து பின்கதவைப் பார்த்தார்கள். காலியோப்பி நகரவில்லை. நேற்றைப் பற்றிப் பேச விதி இடம் தராது. இன்றைக்குக் கண்ணெதிரே இருக்கிற முகத்தைப் பற்றிப் பேச ஒரு தடையும் இல்லை.

“இந்தக் கோலத்தோட ஊரைச் சுத்துறியே, வெக்கமா இல்லையா உனக்கு?” என்றாள் மெல்போ. “ரொட்டியை வாங்கிட்டு வா. எண்ணெய் இருக்கு.”

ரொட்டிக்காரர் அன்று மத்தியானமே பின்கதவை ஒட்டி மாவு மூட்டைகளை அடுக்கிவிட்டார்.

அந்த முகம் முழுக்க வெளுக்க ஈஸ்டர் வரை ஆயிற்று. தினமும் போய் உட்கார்ந்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு உறுதியான பிசின் இந்தக் கடற்கரையிலேயே தன்னிடம்தான் கிடைக்கும் என்று பாந்தெலிஸ் இன்றைக்கும் மார்தட்டுகிறான். அவன் நினைப்பைக் கெடுக்க ஊரில் யாருக்கும் மனசு வரவில்லை.