காத்தாயியின் கைப்படம்

"நாப்பத்தெட்டா?"

டாக்டர் மஸீனா காத்தாயியின் கை எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி கேட்டார்.

"ஆமாங்க டாக்டரம்மா."

"நாப்பத்தெட்டேதான். செக்ரோல் பதிவுல அப்படித்தான் இருக்கு!" வாசலில் நின்ற கணக்கப்பிள்ளை அழகமுத்து, யாரும் கேட்காமலே முந்திக்கொண்டார். அந்த வயதைப் பதிந்தவரே அவர்தான்.

பெண்களின் எலும்பு எந்த வயதில் எவ்வளவு தேய்கிறது என்று பார்க்க, ரத்தோட்டைக்கு மேலேயிருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு 1968இல் ஆய்வுக்குழு வந்திருந்தது. போன வாரம் எல்லார் கையையும் படம் பிடித்தார்கள். இன்று ஒவ்வொருத்தியாக அழைப்பு. "ஏய் குமரி, மாப்ள பாக்கவா கூப்புடுறாங்க?" என்று வரிசையிலிருந்து நல்லம்மா சீண்டினாள். காத்தாயிக்குச் சிரிப்பு வரவில்லை.

உண்மையில் அவளுக்கு அறுபத்திரண்டு. பேர் பதியும்போது வயதைக் குறைத்துச் சொல்வது தோட்டத்தில் எல்லாரும் செய்வதுதான். அறுபதைத் தாண்டினால் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். அங்கே கை கால் விழுந்த புருஷன் கிடக்கிறான். அவனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்?

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கதவிடுக்கில் அழகமுத்துவின் நிழல் அசையவில்லை. டாக்டர் தாழ்ந்த குரலில் பேசினார்.

"இங்க பாருங்கம்மா. எலும்பு வெங்காயத் தோல் மாதிரி மெலிஞ்சிருக்கு. நாப்பத்தெட்டு வயசுல இப்படின்னா உள்ள வேற ஏதோ நோய். வேலைய நிப்பாட்டி கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி இன்னைக்கே தோட்டத் துரைக்கு எழுதணும். மூணு மாசமாவது ஆகும்."

மூன்று மாதம்! புருஷனுக்கு யார் கஞ்சி ஊற்றுவது?

"அறுபதுக்கு மேலன்னா?" காத்தாயி கிசுகிசுத்தாள்.

டாக்டரின் பேனா நின்றது. "அப்ப அது வயசோட வர்ற தேய்மானம். ஆஸ்பத்திரியில கிடக்க வேணாம். ஆனா கூடை தூக்கக் கூடாது. சறுக்கி விழுந்தா இடுப்பு முறியும்."

"அறுபத்திரெண்டுங்க." உதடு மட்டும்தான் அசைந்தது.

டாக்டர் கதவைப் பார்த்தார். குரலை இன்னும் தாழ்த்தினார். "இந்தத் தாளோட நகல் ஆபீசுக்கும் போகுதேம்மா."

நாற்பத்தெட்டு என்றால் கண்டி. அறுபத்திரண்டு என்றால் தெரு.

"வயச எழுதாம விட்டுடுங்க."

"வயசில்லாத படம் ஆய்வுக்கு உதவாதே!"

"உதவ வேணாங்க. நான் கையே நீட்டலன்னு வச்சுக்குங்க."

டாக்டர் பேனாவை மறுபடி தாளில் ஊன்றினார். பிறகு தாளின் குறுக்கே கோடிழுத்து, 'படம் பழுது' என்று எழுதினார். கல்சியம் மாத்திரைப் பொட்டலம் ஒன்றை அவள் கையில் திணித்தார். "விழுந்துடாதீங்கம்மா" என்றார், கெஞ்சுவதுபோல.

வெளியே அழகமுத்து பாய்ந்து வந்தார். "என்ன சொன்னாங்க?"

"படம் சரியா விழலயாம்."

அவருக்கு மூச்சு வந்தது. உடனே அதிகாரமும் வந்தது. "அப்ப என்னத்துக்கு நிக்கிற? ஏழாம் நம்பர் மலைக்கு ஓடு!"

தோட்டத்திலேயே செங்குத்தான மலை அது. ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்கிய பனியில் பாதை எண்ணெய் பூசினாற்போல் மின்னியது. காத்தாயி கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டினாள். பெருவிரலை மண்ணில் அழுத்திப் பார்த்துவிட்டு, முதல் அடியை வைத்தாள்.