பதினேழாம் பாட்டில்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பிறந்தது என் அண்ணியின் ஃப்ரிட்ஜில். காய்கறிக்கு இடமில்லாமல் அதில் தண்ணீர் பாட்டில்களாக அடுக்கி வைத்திருந்தார். எங்கள் ஊர்ச் சுரங்கத்தைச் சுற்றியுள்ள வீடுகளில், கழிவு கலந்திருக்கிறதா என்று சோதிக்க எடுத்த கிணற்றுத் தண்ணீர். இருபத்திரண்டு வருடமாக அவருக்கு இதுதான் வேலை.

சுட்டெரிக்கும் வெயிலில், அஞ்சா நெஞ்சத்துடன் அந்த வீராங்கனை

(வேண்டாம். அண்ணி படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்.)

2

வீட்டுக்காரரே தண்ணீர் மொண்டு இரண்டு பாட்டில் நிரப்ப வேண்டும். மூடிமேல் தாள் ஒட்டி அவரே கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று ஆய்வகத்துக்கு, மற்றது சாட்சிக்கு. "அவங்க தண்ணி, அவங்க கையெழுத்து. நான் வெறும் கூரியர்" என்பார் அண்ணி. கூரியராம்! சுரங்கக்காரர்களின் மிரட்டல் வந்த வீட்டில் துணைக்குப் பாய் விரித்துப் படுக்கும் கூரியரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பதினேழாம் பாட்டில் தையற்காரருடையது. அவர் கிணற்றில் ஈயம் கலந்திருப்பதாக ஆய்வக அறிக்கை சொன்னது. சுரங்கக் கம்பெனி அதைப் பொய் என்றது. புகாரை விசாரித்த அரசு அதிகாரி சாட்சிப் பாட்டிலைக் கேட்டார். அதற்குள் கிணறு, சுரங்கத்திலிருந்து கொட்டிய மண்ணுக்கடியில் போய்விட்டது. மிச்சமிருந்தது அந்த ஒரு பாட்டில்தான்.

3

விசாரணைக்கு முந்தின நாள், ஃப்ரிட்ஜைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக் அந்தப் பாட்டிலைத் திறந்து

(நிறுத்துகிறேன். மூன்று வரைவுகளில் அந்த ஆள்மேல் பழியைப் போட்டேன். மெக்கானிக் யாரும் வரவேயில்லை. தாகத்தில் எதையும் பார்க்காமல் மூடியைத் திருகியவன் நான். ஒரு வாய் குடித்துத் துப்பினேன். கிழிந்த தாளைப் பசை தடவி ஒட்டினேன். பார்த்தால் தெரியாது.)

மறுநாள் காலையில் சொன்னேன். "வயித்த ஏதும் பண்ணுதா?" என்றார் அண்ணி. அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

4

விசாரணை அறையில் அண்ணி எழுந்தார். "பதினேழாவது பாட்டில் எங்க வீட்ல திறந்துடுச்சு சார். தப்பு எங்களோடது. அத எடுத்துக்காதீங்க."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"ஏம்மா, யாருக்குத் தெரியப்போவுது? சும்மா இருந்திருக்கலாம்ல!" பின்வரிசையிலிருந்து தையற்காரர் கத்தினார்.

"இதுல பொய் சொன்னா, மத்த நாப்பது வீட்டையும் நம்ப மாட்டாங்கண்ணே." அண்ணி அவர் பக்கம் திரும்பிச் சொன்னார். அவரை நான் அதிகம் மதித்தது அந்த நிமிடத்தில்தான்.

5

முடிவு ஒன்று: எல்லா வீட்டுக்கும் நல்ல தண்ணீர் கிடைத்தது. (ஆசைதான்.)

நடந்தது: நாற்பது வீட்டுக்குக் குழாய் போட உத்தரவு வந்தது. தையற்காரர் வீடு பட்டியலில் இல்லை. மறுநாளே அண்ணி புது மனுவோடு அவர் வீட்டுக்குக் கிளம்பினார். நானும் போனேன். கதவு திறந்ததும் அண்ணியை முந்திக்கொண்டு, "பாட்டிலத் திறந்தது நான்தான்" என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். அதை எழுத மாட்டேன். எழுதினால் எனக்குச் சாதகமாகத் திருத்திவிடுவேன். போனது உங்கள் கிணறு என்று வைத்துக்கொண்டு, நீங்களே சொல்லுங்கள். நான் வாசலில்தான் நிற்கிறேன்.